கடைசியாக வந்தவனின் கூலி

(மறைமலை நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இரவு ஷிஃப்டுக்குப் போகவேண்டியிருந்தும் தம்பிகள் சிலர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டால் பாதியில் எழுந்து போவோம், தப்பாக நினைக்க வேண்டாம் என்று பின்வரிசையிலிருந்து ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். தாராளமாகப் போகலாம். சொல்லவேண்டியதை முன்பாதியிலேயே சொல்லிவிடப் பார்க்கிறேன்.

கிறிஸ்துவின் தாழ்மை, கிருபையால் வரும் இரட்சிப்பு, சத்தியம் ஆகிய மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். மூன்றுக்கும் தனித்தனியே மூன்று நாள் கன்வென்ஷன் நடத்துகிற ஊரிலிருந்து வருகிறவன் நான், நெல்லைச் சீமைக்காரன். அப்படி மூன்று நாள் கேட்டுக் கேட்டு எனக்குள் வளர்ந்த சந்தேகம் ஒன்று உண்டு. இவற்றைத் தனித்தனியே பேசும்போதுதான் நமக்கு வசதியாக இருக்கிறது. சேர்த்து வைத்தால் வசதி போய்விடும். கிருபையால் மட்டுமே வாழ்கிறேன் என்று சொல்கிறவன், தன் இருக்கை எங்கே என்று கேட்க முடியாது. கேட்டால் அவன் சொன்ன சத்தியம் பொய்யாகிவிடும். இன்று நான் சொல்லப்போவது இவ்வளவுதான். மீதி எல்லாம் சான்றுகள்.

சான்றுகளைத் தேடி எருசலேமுக்குப் போகவேண்டியதில்லை. இந்த நகரத்தின் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. மறைமலை அடிகள் தீவிர சைவர் என்பது உங்களுக்குத் தெரியும். நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். பரிதிமாற் கலைஞர் அங்கே அவருக்கு மூத்த சக ஆசிரியர். பாரிமுனையருகே இருந்த அந்தக் கல்லூரியில் முதல்வர் வில்லியம் மில்லரின் காலத்தில் ஒரு சைவச் சித்தாந்தி தம் திருநீற்றோடு பாடம் நடத்த இடமிருந்தது. பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்காமல் விட்டபோதுதான் அவர் வெளியேறிப் பல்லாவரத்தில் குடியேறினார். அதே கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. இங்கிருந்து மின்ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் இன்று பேசப்போகிறவர்களில் பலர் அந்தக் கல்லூரியோடு தொடர்புள்ளவர்கள்.

முதலில் கூலியைப் பற்றிப் பேசிவிடுவோம். இந்த வட்டாரத்தில் அதை விட்டுவிட்டு இரட்சிப்பைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத் தோட்டக் கதை உங்களுக்கு மனப்பாடம். தோட்டக்காரன் விடியலில் ஆட்களைக் கூலிபேசி அழைக்கிறான். ஒன்பது மணிக்கு இன்னும் சிலர், பன்னிரண்டுக்குச் சிலர், மூன்றுக்குச் சிலர். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் சந்தைவெளியில் நிற்கிறவர்களைப் பார்த்து, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்கிறான். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். இந்தப் பதிலை நம் பிரசங்கிகள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரகடம் பக்கம் விடியற்காலையில் காண்ட்ராக்டரின் வேனுக்காக நிற்கிற பையன் அதைத் தாண்டமாட்டான். மாலை ஐந்து மணிவரை நின்றவன் சோம்பேறி இல்லை. அவனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். வயது, உடம்பு, மொழி, ஊர், ஐடிஐ சான்றிதழ் என்று எதிலோ கழிந்துவிட்டான்.

பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். அக்காலத்தில் ஒரு நாள் உழைப்புக்கு வழக்கமாகக் கொடுத்த தொகை அது. ஒரு குடும்பம் அன்றைக்கு அடுப்பு மூட்டத் தேவையானது. முதலில் வந்தவர்கள் முறையிடுகிறார்கள். அவர்களுடைய புகாரைக் கவனித்தீர்களா? எங்களுக்குக் குறைத்துவிட்டாய் என்று அவர்கள் சொல்லவில்லை. பேசிய கூலி முழுதாகக் கைக்கு வந்துவிட்டது. இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டாயே என்பதுதான் குறை. பணத்தில் நட்டமில்லாமலே தங்கள் இடத்தில் நட்டம் வந்துவிட்டதாக அவர்கள் உணர்கிறார்கள். பர்மனென்ட், ட்ரெய்னி, அப்ரென்டிஸ், காண்ட்ராக்ட் என்று அடுக்கி, சட்டையின் நிறத்தைக்கூட மாற்றி வைத்திருக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் புகாரை நான் விளக்கவேண்டியதில்லை. ஒரே லைன், ஒரே நட், ஒரே போல்ட். ஆனால் சட்டை வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கதையை நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிடக் கூடாது. கிருபை என்ற பெயரில் கூலியைக் குறைக்கும் முதலாளிக்கு இதில் இடமில்லை. தோட்டக்காரன் ஒருவனுக்கும் குறைக்கவில்லை. கடைசியில் வந்தவனுக்கு வாழ்வதற்கு வேண்டியதைக் கொடுத்தான். வயலில் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதிய நிருபமும் அதே புதிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. இந்த ஊரின் ஃபோர்டு தொழிற்சாலை மூடப்படும் என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது; அடுத்த ஆண்டு நடந்த போராட்டம், சர்வீஸ் வருடம் ஒன்றுக்கு எத்தனை நாள் சம்பளம் என்பதில் வந்து நின்றது. இந்தக் கூடத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அந்தக் கணக்கைக் கேட்பது நியாயம், கேட்டுத்தான் ஆகவேண்டும். மனிதன் மனிதனோடு வைத்துக்கொள்ளும் கணக்கு அது. கடவுளிடம் போய் அதே பேஸ்லிப்பை நீட்டலாமா என்பதே கதை எழுப்பும் கேள்வி.

இந்தக் கேள்வியோடு நெடுநாள் மல்லுக்கு நின்றவர் கிறிஸ்தவக் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்து மிஷனரி, 1903இல் சென்னைக்கு வந்தார், பிற்காலத்தில் கல்லூரி முதல்வராகவும் இருந்தார். ராதாகிருஷ்ணனுக்கு ஆசிரியர். அவருடைய ‘கர்மாவும் மீட்பும்’ என்ற சிறிய நூல் 1909இல் வெளியானது. அன்றைய மிஷனரிகள் பலர் கர்மக் கொள்கையை மூடநம்பிக்கை என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹாக் அதை மதித்துப் படித்தார். ஒவ்வொரு செயலுக்கும் அணுவளவும் பிசகாத பலன் உண்டு என்ற நீதியுணர்வின் கம்பீரத்தை ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் கேட்டார்: உலகம் அடிப்படையில் ஒரு நீதிமன்றமா? அவரவர் கணக்கு அவரவருக்கு என்றால், ஒருவருக்காக இன்னொருவர் படும் பாட்டுக்கு அந்த மன்றத்தில் என்ன பொருள்? தாய் படும் பாடு எந்தப் பற்றில் எழுதப்படும்?

ஹாக்கின் கேள்வி கிறிஸ்தவர்களையும் விடவில்லை என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் சபைகளில் கர்மக் கொள்கை நன்றாகவே வாழ்கிறது. உபவாசம் இருந்தேன், தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தேன், இருந்தும் மகனுக்கு வேலை கிடைக்கவில்லையே என்று ஆயரிடம் அழுகிறவர் கர்மக் கணக்கைத்தான் வாசிக்கிறார். செழிப்பு வேண்டுமா, காணிக்கை அனுப்புங்கள் என்று தொலைக்காட்சியில் அழைப்பவரும் அதே பேரேட்டைத்தான் திறந்து வைத்திருக்கிறார். பவுல் ரோமருக்கு எழுதும்போது இதைத் தெளிவாகப் பிரித்தார். வேலை செய்கிறவனுக்கு வருகிற சம்பளம் அவனுக்குச் சேரவேண்டிய கடன், அதில் கிருபை என்ற பேச்சுக்கே இடமில்லை. இரட்சிப்பு அந்த வகையைச் சேர்ந்தது அன்று.

ஆனால் கிருபை கிறிஸ்தவத்துக்கு மட்டுமே சொந்தம் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ் நாட்டில் அப்படிப் பேச வாயே கூசவேண்டும். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாயே கவ்விப்போகிறது. உயிர் இறைவனை அடைவது இதில் எந்த முறையில் என்று வடகலையாரும் தென்கலையாரும் பல நூற்றாண்டுகள் வாதிட்ட மண் இது. லூத்தருக்குப் பிந்தைய ஐரோப்பா இதே வாதத்தை வேறு பெயர்களில் நடத்தியது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்திய அருள் சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். சைவச் சித்தாந்தத்திலிருந்து அருளை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் தந்த போப் ஐயர் அதை உணர்ந்தவர்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? இதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை மதுரையிலிருந்து வருகிறது. வைகையில் வெள்ளம், கரையடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை. சிவபெருமான் கூடையும் மண்வெட்டியுமாகக் கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டே கூலி. வேலையோ உருப்படியாக நடக்கவில்லை. பாடுகிறார், ஆடுகிறார், மரத்தடியில் தூங்குகிறார். சூப்பர்வைசர்கள் புகார் சொல்ல, பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அவன் முதுகிலும் விழுகிறது, அரசியின் முதுகிலும், ஊரார் முதுகிலும், உலகத்து உயிர் எல்லாவற்றின் முதுகிலும் விழுகிறது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்துவிடுகிறார்.

கடவுள் காண்ட்ராக்ட் கூலியாக வந்து அடி வாங்கினார் என்பது தமிழனுக்குப் புதிய செய்தியே இல்லை என்பதை இந்தக் கதை காட்டுகிறது. அழகான, ஆழமான கதை. ஆனால் அடி விழுந்த விதத்தைப் பாருங்கள். மதுரையில் ஒருவர்மேல் விழுந்தது எல்லோர் முதுகையும் சுட்டது. யாரை அடித்தோம் என்று அந்தக் கணமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கல்வாரியில் ஒருவருக்கும் வலிக்கவில்லை. அடித்த சிப்பாய்கள் கீழே உட்கார்ந்து அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். அடி ஒருவர் உடலிலேயே நின்றுவிட்டது. மறைந்துபோகவும் அவர் முயலவில்லை. இறங்கி வா என்று கேலிசெய்தபோதும் இறங்கவில்லை. தன் பெருமையைக் காட்டி அடித்தவனை வெட்கப்படுத்தும் உரிமையையும் சேர்த்துக் கைவிட்டதே கிறிஸ்துவின் தாழ்மை.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இதை ஒவ்வொரு படியாக இறங்கிச் சொல்கிறார். தேவனுடைய ரூபம், அதைப் பற்றிக்கொள்ளாத மனம், தன்னை வெறுமையாக்குதல், அடிமையின் கோலம், சாவு, அதிலும் சிலுவைச் சாவு. எழுதியவர் காவலில் இருந்தார். வாசித்தவர்கள் ரோமானியப் படைவீரர்கள் ஓய்வுபெற்றுக் குடியேறிய நகரத்தார். பதவி, பட்டம், குடியுரிமை ஆகியவற்றில் மிகுந்த பெருமை கொண்டவர்கள். சிலுவை அங்கே முக்கியமாக அடிமைக்குரிய தண்டனை. நம் குறளில் அடக்கத்துக்குத் தனி அதிகாரமே உண்டு. அடங்கியவனின் தோற்றத்தை அது மலையினும் பெரிதாகக் காண்கிறது. அடக்கம் மனிதனை உயர்த்தும் என்பது வள்ளுவர் கணிப்பு, அனுபவ உண்மையும்கூட. பவுல் வேறு இடத்தில் நிற்கிறார். அங்கே தாழ்ந்தவர் ஏற்கெனவே உயரத்தில் இருந்தவர். உயர்வதற்காக அவர் தாழவில்லை.

இந்த அதிகாரத்தை நம்மூர் வெயிலில் வைத்து வாசித்தவர் ஒருவர் இருந்தார். இந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள் அவரை அறியாமலிருப்பது எனக்கு வருத்தம். வெங்கல் சக்கரைச் செட்டியார். சென்னையில் 1880இல் பிறந்தவர், கிறிஸ்தவக் கல்லூரியில் மில்லரிடம் படித்தவர், 1903இல் திருமுழுக்குப் பெற்றார், வழக்கறிஞர். ‘இயேசு என்னும் அவதாரம்’, ‘சிலுவையும் இந்தியச் சிந்தனையும்’ ஆகிய இரண்டு நூல்களையும் ஆங்கிலத்தில் எழுதினார். மறுபக்கம், திரு.வி.க.வும் சிங்காரவேலரும் இயங்கிய அதே காலத்துத் தொழிற்சங்க மேடைகளில் நின்றார். 1941இல் சென்னை மேயரானார். ஏ.ஐ.டி.யு.சி.யின் அகில இந்தியத் தலைவராகவும் இருந்தார். இறையியல் நூல் எழுதியவர் சங்கத் தலைவராகவும் இருந்த இன்னொரு சான்று தமிழ்நாட்டில் எனக்குக் கிடைக்கவில்லை.

சக்கரையார் சொன்னதன் சாரம் இது. வரலாறு கண்ட மனிதர்களில் ‘நான்’ என்பது முற்றும் அற்றவர் இயேசு. அதனாலேயே அவர் எல்லோருக்கும் உரியவரானார். வேறு அவதாரங்கள் காரியம் முடிந்ததும் வேடத்தைக் களைந்துவிடும். இயேசுவின் அவதாரம் முடிவதில்லை. அவர் எடுத்த மனிதத்தன்மையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ஆவியானவராக இன்றும் அதே தாழ்மையோடு மனிதருக்குள் செயல்படுகிறார். நமக்குப் பழகிய அவதாரக் கோட்பாட்டைக் கொண்டே, அது எட்டாத ஓர் இடத்தைக் காட்டினார். ஒப்புக்கொள்ளாத இறையியலாளர்கள் உண்டு. வைணவர்கள் அவதாரத்தைப் பற்றிய அவருடைய விளக்கத்தை ஏற்கமாட்டார்கள். எனக்கும் சில இடங்களில் தயக்கம் இருக்கிறது. ஆனால் ‘நான்’ அற்றவரைப் பற்றி எழுதிய கை ஆலைத் தொழிலாளியின் கோரிக்கைக்காகவும் உயர்ந்தது. தாழ்மை என்றால் முதலாளி முன் கைகட்டி நிற்பது என்று நினைக்கிற நம் ஆட்களுக்கு அவர் வாழ்க்கை போதுமான பதில். தனக்காக ஒன்றும் கேட்காதவனால்தான் பிறருக்காகப் பயமில்லாமல் கேட்க முடியும்.

அந்தத் தொழிற்சங்க மேடைகளின் வரலாற்றில் ஒரு காயமும் உண்டு. மதராஸ் தொழிலாளர் சங்கம் 1918இல் தொடங்கியது. 1921இல் பி அண்ட் சி மில்லில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் சாதியின் வழியாகப் பிளந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக்கூடத்தில் வேலைசெய்தவர்கள் தெருவில் இரண்டாக நின்றார்கள். கூலிக்காகச் சேர்ந்தவர்களால் இருக்கைக்காகப் பிரியாமல் இருக்க முடியவில்லை.

சிலுவையைப் பாடிய கிருஷ்ண பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் என் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1827இல் நெல்லைக்கு அருகே கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கால்டுவெல்லின் காலத்தில் சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் போனார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவிய அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. பனியனின் பயணி சிலுவையருகே வந்ததும் அவன் முதுகுச் சுமை கழன்று உருண்டுவிடும். ஆசிரியர் சில வரிகளில் கடந்துபோவார். கிருஷ்ண பிள்ளையால் அங்கே கடந்துபோக முடியவில்லை. நின்று, கிறிஸ்துவின் பாடுகளை நெடுகப் பாடினார். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறிய நெஞ்சுக்கு, சுமை எப்படிக் கழன்றது என்பதைவிட யார் சுமந்தார் என்பது முக்கியமாகப்பட்டது. லெந்து நாட்களில் அந்தப் பகுதியைப் பாடும் வீடுகள் திருநெல்வேலியில் இருந்தன. இப்போது யூடியூப் இருக்கிறது.

இனி சத்தியம். இது மூன்றிலும் கடினமானது. ஏனென்றால் தாழ்மையும் கிருபையும் இனிக்கும், சத்தியம் என்றதும் குரல் உயர்ந்துவிடும். எங்களிடம்தான் இருக்கிறது என்று தொடங்கிவிடுவோம்.

தாம்பரத்தில் 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு நடந்தது. சீனாவில் நடப்பதாக இருந்தது. ஜப்பானியப் போரால் இங்கே மாறியது. கிறிஸ்தவக் கல்லூரிக்கு அந்த வளாகம் அப்போதுதான் புதிது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து வந்தவர்கள் காட்டுமரங்களுக்கிடையே விடுதிகளில் தங்கினார்கள். மாநாட்டுக்கென்றே டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கிறிஸ்துவில் தேவன் தம்மை வெளிப்படுத்தியது ஒன்று, மனிதன் கட்டிய சமயங்கள் வேறொன்று. பின்னதிலிருந்து முன்னதற்குப் பாலம் கிடையாது என்பது அவர் நிலை. நேர்மையாகச் சொன்னால், அவர் கிறிஸ்தவ சமயத்தையும் மனிதர் கட்டியவற்றில் ஒன்றாகவே எண்ணினார். அவரைப் பின்பற்றிப் பேசியவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

அங்கே ஹாக் எழுந்து மறுத்தார். இத்தனை ஆண்டுகள் இந்து மாணவர்களோடும் சக ஆசிரியர்களோடும் வாழ்ந்த மனிதருக்கு, அவர்களிடம் தாம் கண்ட விசுவாசம் வெறும் மனிதக் கற்பனை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதே சமயம் சக்கரையாரும் அவருடைய மைத்துனர் நீதிபதி பி. செஞ்சையாவும் வேறு சில நண்பர்களும் சேர்ந்து, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடியும் சிந்திக்கவேண்டும் என்று ஒரு கட்டுரைத் தொகுதியைச் சென்னையில் வெளியிட்டார்கள். கிறிஸ்து வேண்டும், ஆனால் மேற்கிலிருந்து அமைப்பாக வந்த சபை, அதன் பதவிகள், அதன் வேலிகள் எல்லாம் சத்தியத்தின் பகுதியாக வரவேண்டியதில்லை என்றார்கள். மாநாடு முடிந்ததும் எல்லோரும் கப்பலேறினார்கள். வாதம் முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். கிரேமரிடம் ஒரு பாதி சரி என்பேன்: சத்தியம் நாம் கண்டுபிடித்துச் சேர்த்துவைத்த சொத்தாக இருக்க முடியாது, கொடுக்கப்பட்டது. அப்படியானால் அதன்மேல் நமக்கு உரிமைப் பத்திரமும் கிடையாது. அந்த மறுபாதியை ஹாக் பார்த்தார். சத்தியம் என்றால் என்ன என்று பிலாத்து கேட்டது யோவான் சுவிசேஷத்தில் வருகிறது. இயேசு பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. எதிரே கட்டுண்டு நின்றவரே பதில் என்று நாம் பிரசங்கிக்கிறோம், சரிதான். அதற்கு முந்தைய இரவில் சீடர்களின் கால்களைக் கழுவிய கைகள்தாம் அங்கே கட்டப்பட்டிருந்தன. யூதாசின் கால்களும் அவற்றுள் அடக்கம். அந்தக் கைகளை விட்டுவிட்டுச் சத்தியத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு ஓட வழியில்லை. ஓடியவர்கள் என்ன கட்டினார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு கட்டடம் சாட்சி.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம். பழைய கத்தோலிக்கப் பங்கு. அங்கே 1870களில் எழுந்த கோயிலுக்கு இரண்டு கூடங்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரு காலாகப் பிரிந்து போகும் இரண்டு கூடங்கள், நடுவே தடுப்பு. ஒரு பக்கம் பிள்ளைமாரும் முதலியாரும், மறுபக்கம் நாடார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒரே நற்கருணையைப் பார்க்கலாம்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பொறியியல் நுட்பம் மெச்சத் தகுந்தது. அந்தத் தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டபோது, அது எங்கள் உரிமை என்று ஒரு சாரார் வழக்குத் தொடுத்தார்கள். மதராஸ் உயர்நீதிமன்றம்வரை போயிற்று. சாதியால் கோயிலில் தனியிடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஒப்பவில்லை. கிருபையைப் பற்றிக் குருமார் நூறாண்டு பிரசங்கித்தும் விளங்காததை நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது.

கத்தோலிக்கரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் சி.எஸ்.ஐ.க்காரன் என்று சிரிப்பீர்கள். சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன் 1833இல் எழுதிய கடிதத்தால் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையைவிட்டு வெளியேறினார்கள். அதற்கு முன்பே இளைய மிஷனரிகளின் இத்தகைய முயற்சிகளை எதிர்த்து எழுதியவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய அதே சாஸ்திரியார். தேவன் என்னை ஒன்றும் பாராமல் ஏற்றார் என்று காலையில் பாடிவிட்டு, பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்று மதியம் வாதிட முடிந்திருக்கிறது. அவரைக் குறைசொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

அதே வடக்கன்குளத்தில், அந்தக் கட்டடம் எழுவதற்கு நூற்றாண்டுக்கு மேல் முன்னால், நீலகண்ட பிள்ளை என்ற ஒருவர் 1745 மே மாதம் திருமுழுக்குப் பெற்றார். நட்டாலத்துக்காரர், மார்த்தாண்ட வர்மாவின் அரசில் உயர்ந்த பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டி லனாயின் நட்பால் கிறிஸ்துவை அறிந்தார். தேவசகாயம் என்ற பெயர் பெற்ற பிறகு சாதி பாராமல் எல்லோரோடும் கலந்து உட்கார்ந்தார். உடன் வேலை செய்தவர்களுக்கு அவருடைய நம்பிக்கையைவிட அது கூடுதலாக உறுத்தியிருக்கவேண்டும். 1749இல் கைதானார், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். உடல் கோட்டாற்றில் இருக்கிறது. தம் இருக்கையைத் தாமே விட்டுக்கொடுத்தவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில்தான் பின்னால் இருக்கைக்காகத் தடுப்பு எழுந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். அதற்கு முன் ஒரு சிறிய பிரச்சினை இருந்தது. ஆவணங்களில் அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை என்றே நெடுங்காலம் இருந்துவந்தது. அவர் விட்டுவிட்டு வந்ததை நாம் ஏன் அவர் பெயரில் மறுபடி ஒட்டுகிறோம் என்று சிலர் ஆட்சேபித்து வத்திக்கானுக்கு எழுதினார்கள். வத்திக்கான் ஏற்றுக்கொண்டது, பிள்ளை நீக்கப்பட்டது. புனிதர் தேவசகாயம் என்று மட்டுமே அறிவிக்கப்பட்டார். சாதிப் பெயரை எடுத்தால் குடும்ப வரலாறு மறைந்துவிடும் என்று வருந்தியவர்களும் உண்டு. அவர்களுடைய வருத்தத்தையும் நான் கேலி செய்யவில்லை. பெயர் என்பது மனிதனுக்கு எளிதில் விடக்கூடியதாக இருந்ததில்லை. தேவசகாயம் விட்டார்.

பஸ் வந்துவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். போகிற தம்பிகளுக்கு ஒன்று மட்டும். உங்களில் பலருக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்குவார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் ‘மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற’ என்று தொடங்கி, அடுத்த வரியில் உட்பிரிவுவரை சாதியைக் குறிப்பிட்டு எழுதித் தருகிறார்கள் நம் சபைப் பெற்றோர்கள். நன்கொடை ரசீதில் ஆயரிடம் கையெழுத்து வாங்குவதுபோல் சிலர் அந்த விளம்பரத்தை ஆயரிடமே திருத்தக் கொடுக்கிறார்கள். உங்கள் பெயரில் அப்படி ஒன்றை அனுப்பும்போது, அந்த இரண்டாவது வரி வேண்டாம் என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிப் பாருங்கள். அன்று வீட்டில் நடக்கும் விவாதம், தாம்பரம் மாநாட்டைவிடக் கடுமையாக இருக்கும்.

 கேள்வி இருப்பவர்கள் உட்கார்ந்திருங்கள். எனக்குக் கடைசி ரயில்வரை நேரமிருக்கிறது.